சோயா பால் கடையில் ஏழு பேர்

1974ம் வருஷம், பிப்ரவரி மாதம் 7ம் தேதி. தைவானின் தலைநகரமான தைபேயில் ஒரு சோயா பால் கடை.

சோயா பால் கடை என்றதும் ஏதோ பெரிய சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊருக்குத் தெருமுனை டீக்கடை எப்படியோ, தைவானுக்கு அது அப்படி. சுடச்சுட ஒரு கிண்ணம் சோயா பால். கூடவே எண்ணெயில் பொரித்த நீளமான ரொட்டி. ஆபீஸ் போகிற அவசரத்தில் வயிற்றுக்கு எதையாவது போட்டுக்கொண்டு ஓடுகிற இடம். அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலை அந்தக் கடையில் ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் பொருளாதாரத் துறை அமைச்சர். இன்னொருத்தர் போக்குவரத்து அமைச்சர். மூன்றாமவர் அமைச்சரவையின் தலைமைச் செயலர். தொலைத்தொடர்புத் துறையிலிருந்து இரண்டு பெரிய அதிகாரிகள். முந்தின வருஷம்தான் ஆரம்பித்திருந்த அரசு ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தலைவர். ஏழாவது ஆசாமி, அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எஞ்சினியர். பெயர் பான் வென் யுவான்.

பேச்சு ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான். தைவான் அடுத்து என்ன செய்து பிழைப்பது?

பான் சொன்ன பதில்: ஐ.சி. அதாவது, இன்றைக்கு நாம் சிப் என்று சொல்கிறோமே, அந்த நகத்தளவுச் சமாசாரம். எத்தனை காலம் ஆகும் என்று கேட்டார்கள். நாலு வருஷம் என்றார். எவ்வளவு பணம்? ஒரு கோடி டாலர்.

சரி, செய்யலாம் என்றார் பொருளாதார அமைச்சர். சாப்பாடு முடிந்தது. எழுந்து போய்விட்டார்கள்.

கதை கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? தைவானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்கிற கதை. ஆனால் கதையை இத்தோடு நிறுத்திவிட்டால் தப்பான பாடத்தைப் படித்தவர்கள் ஆவோம். ஏதோ கெட்டிக்கார அமைச்சர் ஒருவர் காலை டிபனில் ஒரு முடிவெடுத்தார், தேசம் பணக்காரத் தேசமாகிவிட்டது என்று தோன்றும். அந்த ஒரு கோடி டாலரை என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அதற்கு முன்னால், அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று பார்த்துவிடலாம்.

1974ல் தைவானின் தனிநபர் வருமானம் வருஷத்துக்கு ஆயிரம் டாலரைக்கூடத் தொடவில்லை. எண்ணெய் கிடையாது. பெரிய கனிம வளம் கிடையாது. புயல் உண்டு, பூகம்பம் உண்டு. 1971ல் ஐ.நா. சபையில் இருந்த இடம் பறிபோனது. சீனா என்றால் இனிமேல் பீஜிங்தான், தைபே இல்லை என்று உலகம் சொல்லிவிட்டது. 1972ல் ஜப்பான் உறவை முறித்துக்கொண்டது. 1973ல் பெட்ரோல் விலை எகிறியது. அடி மேல் அடி.

தொழிற்சாலைகள் இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தன. 1966லேயே காவ்ஷியுங் துறைமுகத்தில் ஏற்றுமதிக்கென்று தனி மண்டலம் திறந்துவிட்டார்கள். அமெரிக்கக் கம்பெனிகளும் ஜப்பான் கம்பெனிகளும் வந்து இறங்கின. டி.வி., ரேடியோ, கால்குலேட்டர் என்று எல்லாம் தைவானில் தயாராயின. தயாராயின என்பதைவிடக் கோக்கப்பட்டன என்று சொல்வதுதான் சரி. பாகங்கள் வெளியிலிருந்து வரும். வரைபடம் வெளியிலிருந்து வரும். கிராமத்திலிருந்து வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கோத்து, பற்றவைத்து, பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். கூலி கிடைக்கும். லாபம் போகிற இடத்துக்குப் போகும்.

இதிலொரு சிக்கல் இருக்கிறது. கூலி ஏறினால் கம்பெனி கிளம்பிவிடும். தைவானைவிட மலிவாக ஆள் கிடைக்கிற தேசம் எப்போதும் ஒன்று இருக்கும். கூலி ஏறாவிட்டால் மக்கள் ஏழையாகவே இருப்பார்கள். ஏறினாலும் கஷ்டம், ஏறாவிட்டாலும் கஷ்டம். இதிலிருந்து வெளியே வர ஒரே வழி, கோக்கிற வேலையிலிருந்து தெரிந்த வேலைக்கு மாறுவது. எப்படிச் செய்வது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது பக்கத்துத் தேசத்துக்கு அவ்வளவு சுலபத்தில் தெரியாததாகவும் இருக்க வேண்டும்.

இதற்குத்தான் பிற்காலத்தில் அறிவுசார் பொருளாதாரம் என்று பெயர் வைத்தார்கள். 1996ல் பணக்கார நாடுகளின் சங்கமான ஓ.இ.சி.டி. அந்தப் பெயரிலேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்புறம் அது எல்லா மந்திரிகளின் பேச்சிலும் இடம்பிடித்துவிட்டது. சோயா பால் கடையில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர்கள் பேசியது அதைத்தான்.

சரி, அந்தப் பொருளாதார அமைச்சர் யார்? பெயர் சுன் யுன் சுவான். அரசியல்வாதியாக ஆரம்பித்தவர் இல்லை. மின்சார எஞ்சினியர். இவருடைய பழைய கதை தெரிந்தால்தான் ஒரு கோடி டாலர் கதை புரியும்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943ம் வருஷம். சீன அரசு சில இளம் எஞ்சினியர்களைப் பயிற்சிக்காக அமெரிக்கா அனுப்பியது. அதில் சுன் ஒருவர். டென்னஸி பள்ளத்தாக்கில் அணை கட்டி மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க அரசு நிறுவனத்தில் வேலை கற்றுக்கொண்டார். யுத்தம் முடிந்தது. அதுவரை ஜப்பான் கையில் இருந்த தைவான், சீனாவின் கைக்கு வந்தது. குண்டுவீச்சில் மின் நிலையங்கள் நாசமாகியிருந்தன. இயக்கத் தெரிந்த ஜப்பானிய எஞ்சினியர்களோ மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இன்னும் மூணே மாசத்தில் தைவான் முழுக்க இருட்டாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

சுன் என்ன செய்தார்? தொழிற்கல்விக் கூடங்களில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். உடைந்த இயந்திரத்தில் தேறுகிற பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினார்கள். சுமார் ஐந்து மாதத்தில் தீவின் மின்சாரத்தில் எண்பது சதவீதம் திரும்பி வந்துவிட்டது. பிற்பாடு 1964ல் உலக வங்கி இவரை நைஜீரியாவுக்கு அனுப்பியது. அந்த தேசத்தின் மின்சாரக் கழகத்தை 1967 வரை நிர்வகித்தார்.

கவனியுங்கள். மெஷின் இருந்தும் தெரிந்த ஆள் போய்விட்டால் தேசம் இருட்டாகிவிடும். மெஷின் உடைந்திருந்தாலும் தெரிந்த ஆள் இருந்தால் விளக்கு எரியும். புத்தகத்தில் படித்து அல்ல, சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்ட மனிதர் அவர்.

இப்போது காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. ஒரு கம்பெனி பத்து லட்சம் கொடுத்து ஒரு மெஷின் வாங்குகிறது. கணக்கில் எங்கே எழுதுவீர்கள்? பாலன்ஸ் ஷீட்டில், சொத்துப் பக்கம். வருஷாவருஷம் கொஞ்சம் தேய்மானம் கழிப்பீர்கள். சரி. அதே பத்து லட்சத்தில் பத்துப் பேரை வெளியூர் அனுப்பித் தொழில் கற்றுக்கொண்டு வரச் சொல்கிறது. அதை எங்கே எழுதுவீர்கள்? லாப நஷ்டக் கணக்கில், செலவு. அந்த வருஷத்தோடு அதன் கதை முடிந்தது.

நிஜத்தில் நடப்பது நேர்மாறு. மெஷின் தேய்ந்துகொண்டே போகும். கற்றுக்கொண்டவன் ஆளாகிக்கொண்டே போவான். அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுப்பான். ஒரு படி அரிசியை ஒரு குடும்பம்தான் சாப்பிட முடியும். சமைக்கத் தெரிந்த விதத்தை ஊரே எடுத்துக்கொள்ளலாம், குறையாது. பால் ரோமர் என்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1990ல் இதையே கணித சூத்திரமாக எழுதிக் காட்டினார். 2018ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆனால் கணக்குப் புத்தகம் சூத்திரத்தைப் பார்ப்பதில்லை. கம்பெனி மட்டும் இல்லை, அரசாங்கங்களும் இப்படித்தான். கட்டடம் கட்டினால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. நாற்பது பேருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது என்பதற்கு எந்த ரிப்பனை வெட்டுவது? வளரும் நாடுகள் பெரும்பாலும் மெஷின் வாங்கி ஏமாறுவது இதனால்தான்.

தைவானில் என்ன ஆனது?

அந்த வருஷம் ஜூலையில் பான் வென் யுவான் மீண்டும் தைபே வந்தார். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து திட்டத்தை எழுதி முடித்தார். பிறகு அவர் செய்த காரியம் முக்கியமானது. அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தது ஆர்.சி.ஏ. என்கிற பெரிய அமெரிக்கக் கம்பெனியில். தைவானுக்குத் தொழில்நுட்பம் விற்கப் போட்டியிடும் கம்பெனிகளில் ஆர்.சி.ஏ.வும் ஒன்றாக இருக்கலாமே? இரண்டு பக்கமும் நிற்கக்கூடாது என்று வேலையை விட்டுவிட்டார். அமெரிக்காவில் இருந்த சீன வம்சாவளி எஞ்சினியர்களைத் திரட்டி ஒரு ஆலோசனைக் குழு அமைத்தார். சம்பளம் வாங்கிக்கொள்ளவில்லை.

பல கம்பெனிகளைப் பரிசீலித்து, கடைசியில் ஆர்.சி.ஏ.வையே தேர்ந்தெடுத்தார்கள். 1976 மார்ச்சில் ஒப்பந்தம். ஆர்.சி.ஏ. கொடுத்தது முன்னணித் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பழசு. சீ-மாஸ் என்று ஒரு வகை. மின்சாரம் குறைவாகச் சாப்பிடும், ஆகவே கைக்கடிகாரத்துக்குச் சரிப்படும். ஆனால் வேகம் போதாது என்று பெரிய கம்பெனிகள் அன்றைக்கு அதை அவ்வளவாக மதிக்கவில்லை. பிற்பாடு உலகமே சீ-மாஸுக்கு மாறியது வேறு விஷயம். பாதி கணிப்பு, பாதி அதிர்ஷ்டம்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி தொழில்நுட்பம் அல்ல. பயிற்சி. நாற்பது பேர் அளவில் தைவான் எஞ்சினியர்கள் ஆர்.சி.ஏ.வின் தொழிற்சாலைகளுக்குள் வந்து உட்காருவார்கள். வடிவமைப்பு, தயாரிப்பு, பரிசோதனை தொடங்கி ஃபாக்டரியை எப்படி நிர்வாகம் செய்வது என்பதுவரை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். 1976லேயே முதல் குழு கிளம்பியது. பத்தொன்பது பேர். எல்லாருமே இளைஞர்கள். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, அங்கேயே சௌகரியமாக செட்டிலாகாமல் இந்த வேலைக்காகத் திரும்பி வந்தவர்களும் அதில் உண்டு.

இது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை. தைவானில் நன்றாகப் படிக்கிற பையன் என்றால் தேசியப் பல்கலைக்கழகம், அப்புறம் அமெரிக்கா, அப்புறம் திரும்பிப் பார்ப்பதில்லை. நமக்கு ரொம்பப் பழக்கமான கதைதான். சென்னையில் அமெரிக்கத் தூதரக வாசலில் விடியற்காலை வரிசை நின்றதே, அதே கதை.

அவர்களைத் திரும்ப வரவழைத்தது எது? தேசபக்தி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதுவும் இருந்தது. ஆனால் தேசபக்தியை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டு வாடகை கொடுக்க முடியாது என்பது சுன்னுக்குத் தெரியும். இட்ரி என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தை 1973ல் அவர் ஆரம்பித்தபோது, அதை அரசுத் துறையாக வைக்கவில்லை. தனி அறக்கட்டளை மாதிரி அமைத்தார். காரணம் ஒன்றே ஒன்று. அரசுத் துறை என்றால் அரசுச் சம்பள விகிதம். அந்தச் சம்பளத்துக்கு அமெரிக்காவிலிருந்து எவன் வருவான்? சட்டமன்றத்தில் பயங்கர எதிர்ப்பு. அரசுப் பணம், ஆனால் அரசுக் கட்டுப்பாடு இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மன்றாடி, வாதாடித்தான் சட்டத்தை நிறைவேற்றினார்.

போனவர்கள் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1977 அக்டோபரில் ஷின்சு என்கிற ஊரில் மாதிரித் தொழிற்சாலை திறந்தாயிற்று. கடிகாரத்துக்கான சிப் தயாரித்தார்கள். இந்தத் தொழிலில் எத்தனை சிப் செய்தாய் என்பது கேள்வியே இல்லை. செய்ததில் எத்தனை தேறியது என்பதுதான் கேள்வி. ஒரு தூசி விழுந்தால் போச்சு. ஆறே மாதத்தில் ஷின்சுவில் நூற்றுக்கு எழுபது தேறியது. கற்றுக்கொடுத்த ஆர்.சி.ஏ.வுக்கு அப்போது தேறியது நூற்றுக்கு ஐம்பது அளவில்தான்.

குருவை மிஞ்சிய சிஷ்யன். நல்லது. நம் ஊராக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்திருப்போம்? மாதிரித் தொழிற்சாலையைப் பெரிய அரசு நிறுவனமாக்கி, அந்த நாற்பது பேருக்கும் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாம் கொடுத்து உள்ளேயே வைத்திருப்போம். தைவான் அப்படிச் செய்யவில்லை. கதவைத் திறந்துவிட்டது.

1980ல் அந்தத் தொழில்நுட்பத்தையும் ஒரு பகுதி ஆட்களையும் வைத்து யு.எம்.சி. என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். தனியார் முதலாளிகள் பணம் போடத் தயங்கினார்கள். அரசாங்கம் பிடித்துத் தள்ளித்தான் உள்ளே வந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் ஷின்சு அறிவியல் பூங்கா. பக்கத்திலேயே இரண்டு பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களின் பிள்ளைகளுக்குச் சீன மொழியில் பாடம் ஓடாதே? 1983ல் பூங்காவுக்குள்ளேயே இருமொழிப் பள்ளிக்கூடம். யோசித்துப் பாருங்கள். தொழில்துறை வளர்ச்சிக்குப் பள்ளிக்கூடம் கட்டுவது என்றால் நாம் இந்தக் கோணத்தில் எண்ணியிருப்போமா?

1985ல் இன்னொருவர் வந்தார். மோரிஸ் சாங். சீனாவில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். வயது ஐம்பத்து நாலு. இட்ரியின் தலைவராக இரும் என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் முக்கியமானவர் லி க்வோ டிங். கேம்பிரிட்ஜில் பௌதிகம் படித்துவிட்டுப் பொருளாதாரத் திட்டம் தீட்ட வந்த மந்திரி.

மோரிஸ் சாங் ஒரு கணக்குப் போட்டார். சிப் வடிவமைப்பதில் அமெரிக்காவை இப்போதைக்கு ஜெயிக்க முடியாது. விற்பதிலும் முடியாது. ஆனால் தயாரிப்பதில் தைவான் எஞ்சினியர்கள் கில்லாடிகள். அந்த எழுபது சதவீதம் இருக்கிறதே. அப்படியானால் நமக்கென்று சொந்த சிப்பே வேண்டாம். ஊரார் வரைந்து கொடுப்பதைத் தயாரித்துக் கொடுப்போம். பிரிண்டிங் பிரஸ் மாதிரி. எழுதுகிறவன் எழுதட்டும், அச்சடிப்பது நம் வேலை.

1987 பிப்ரவரியில் டி.எஸ்.எம்.சி. பிறந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவான பணம் அரசாங்கத்துடையது. ஹாலந்தின் பிலிப்ஸ் 27.5 சதவீதம். மிச்சம் உள்ளூர் முதலாளிகள், அதுவும் அரை மனசோடு. இட்ரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அப்படியே புதுக் கம்பெனிக்குப் போனார்கள். போனவர்களில் ஆர்.சி.ஏ. பயிற்சிக்குப் போய் வந்தவர்களும் உண்டு. அதே ஆர்.சி.ஏ. குழுவின் இன்னொருவரான சாய் மிங் காய், 1997ல் யு.எம்.சி.யிலிருந்து பிரிந்த மீடியாடெக் கம்பெனியை உருவாக்கினார். நீங்கள் மலிவு விலையில் வாங்கிய செல்போனுக்குள் அதன் சிப் இருந்திருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது.

இன்றைக்கு உலகத்தில் ஒப்பந்த முறையில் தயாராகும் சிப்களில் பாதிக்கு மேல் டி.எஸ்.எம்.சி. ஒரே கம்பெனியின் கையில். தைவானின் தனிநபர் வருமானம் முப்பதாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. சொல்லிக்கொடுத்த ஆர்.சி.ஏ. என்ன ஆனது? 1986ல் ஜெனரல் எலெக்ட்ரிக் அதை விலைக்கு வாங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விற்றது. பெயர் மட்டும் மிச்சம்.

இத்தோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதை. நிறுத்த முடியாது. பாலன்ஸ் ஷீட் என்றால் இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும்.

அதே ஆர்.சி.ஏ.வுக்குத் தைவானிலேயே ஒரு தொழிற்சாலை இருந்தது. தாவ்யுவான் என்ற ஊரில், 1970லிருந்து 1992 வரை. பெரும்பாலும் இளம்பெண்கள் வேலை பார்த்தார்கள். பாகங்களைக் கழுவ ரசாயனக் கரைப்பான்கள். உபயோகித்து முடித்ததை மண்ணில் கொட்டினார்கள். அது நிலத்தடி நீரில் இறங்கியது. அந்தத் தண்ணீரைத்தான் தொழிலாளர்கள் குடித்தார்கள். 1994ல், தொழிற்சாலை மூடிய பிறகு, உண்மை வெளியே வந்தது. வேலை பார்த்தவர்களில் நிறையப் பேருக்குப் புற்றுநோய். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 2018ல் தைவானின் உச்ச நீதிமன்றம், வழக்குப் போட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு நஷ்ட ஈடு கிடைக்க வேண்டும் என்பதை உறுதி செய்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே காலம். நாற்பது எஞ்சினியர்களுக்கு ஒரு சிப்பை எப்படிச் செய்வது என்ற அறிவு கிடைத்தது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, தாங்கள் கையில் தொடுகிற திரவம் என்ன செய்யும் என்கிற அறிவு கிடைக்கவில்லை. அதைக் கேட்கிற உரிமையும் அன்று பெரிதாக இல்லை. 1949லிருந்து 1987 வரை தைவானில் ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. சுதந்திரமான தொழிற்சங்கம் கிடையாது. அறிவுசார் பொருளாதாரம் என்றால் யாருடைய அறிவு, எந்த அறிவு என்று ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்.

சரி. நமக்கும் இதற்கும் என்ன?

ஆர்.சி.ஏ. ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1976ல் இந்திய அமைச்சரவையும் ஒரு சிப் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுத்தது. பஞ்சாபில், மொஹாலியில். செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். 1984ல் உற்பத்தி ஆரம்பம். அமெரிக்கத் தொழில்நுட்பம்தான் அங்கேயும். நம் ஆட்களும் கெட்டிக்காரர்கள். தொழில்நுட்பத்தை மளமளவென்று மேலே கொண்டுபோனார்கள். 1989 பிப்ரவரியில் பெரும் தீ விபத்து. தொழிற்சாலை எரிந்துபோனது. திரும்பக் கட்டி நிமிர வருஷங்கள் ஆகின. அந்த வருஷங்களில் ஷின்சு எங்கேயோ போய்விட்டது.

தீயைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சோகம்தான். ஆனால் 1989ல் ஷின்சுவில் ஒரு தொழிற்சாலை எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு தொழிற்சாலை போயிருக்கும். தொழில் போயிருக்காது. ஏனென்றால் அதற்குள் அந்த அறிவு யு.எம்.சி.யில் இருந்தது, டி.எஸ்.எம்.சி.யில் இருந்தது, இட்ரியில் இருந்தது, பூங்காவில் முளைத்திருந்த சின்னச் சின்னக் கம்பெனிகளில் இருந்தது. நாம் மொத்தத்தையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருந்தோம்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் போனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோன் என்றே வைத்துக்கொள்வோம். 2019லிருந்து ஸ்ரீபெரும்புதூரில் தைவான் கம்பெனியான ஃபாக்ஸ்கான் அதைத் தயாரிக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்று கோத்துத் தருகிறார்கள். உள்ளே இருக்கும் மூளையான சிப்பை வரைந்தது கலிபோர்னியா. தயாரித்தது டி.எஸ்.எம்.சி. 1974ல் தைவான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததோ, அந்த நாற்காலியில் இப்போது நாம். அது கேவலமான நாற்காலி இல்லை. தைவானும் அங்கிருந்துதான் எழுந்தது. ஆனால் ஆணி அடித்த மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு தேசத்துக்குப் போக வேண்டாம். அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் திறந்த நோக்கியா தொழிற்சாலை 2014ல் மூடப்பட்டது நினைவிருக்கும்.

2024 மார்ச்சில் குஜராத்தின் தொலேராவில் டாடா கம்பெனியின் சிப் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 91,000 கோடி ரூபாய். தொழில்நுட்பம் தருவது யார் தெரியுமா? பவர்சிப். ஷின்சுவைச் சேர்ந்த தைவான் கம்பெனி. ஒரு காலத்தில் ஆர்.சி.ஏ. இருந்த இடத்தில் இன்று தைவான். தைவான் இருந்த இடத்தில் நாம்.

91,000 கோடி என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. வரவேண்டியதுதான். ஆனால் சுன் யுன் சுவான் உயிரோடு இருந்தால் அந்தத் தொகையைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவர் 2006ல் காலமாகிவிட்டார். எத்தனை பேரைக் கற்றுக்கொள்ள அனுப்புகிறீர்கள்? கற்றுக்கொண்டவன் நாளைக்கு வெளியே போய்ச் சொந்தமாகத் தொழில் தொடங்கினால் அவனைத் துரோகி என்பீர்களா, லாபம் என்பீர்களா? இவைதான் அவருடைய கேள்விகளாக இருந்திருக்கும்.

தாவ்யுவான் பெண்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றும் பாக்கி இருக்கிறது. வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு, எதிரே இருக்கும் டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவள் மொழியில் சொல்லிக்கொடுத்தீர்களா?

இந்த மூன்றுக்கும் பதில் பாலன்ஸ் ஷீட்டில் கிடைக்காது. ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வருகிற பாலன்ஸ் ஷீட் எல்லாம் இந்தப் பதில்களைப் பொறுத்துத்தான் இருக்கும்.